சனி, ஞாயிறு தூங்கினால் சரியாகிவிடாது, தம்பி

திங்கட்கிழமை காலை எட்டரை மணி. வண்டியிலிருந்து விழுந்து வந்த ஒரு பையனின் உள்ளங்கையில் குத்தியிருந்த சரளைக் கற்களை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு அந்தப் பையன் கேட்டது இதுதான்: “பத்து மணிக்குள்ள விட்டுடுவீங்களா டாக்டர்? புரொபேஷன்ல இருக்கேன், லீவு போட முடியாது.”

வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம். வண்டியை யாரும் இடிக்கவில்லை, எதுவும் குறுக்கே வரவில்லை. “எப்படி விழுந்தேன்னே தெரியல” என்றான். எனக்குத் தெரியும். ஓட்டும்போதே கண் அசந்துவிட்டான். படிப்பை முடித்து ஒரு வருடம்கூட ஆகாத பையன்கள் இப்படி விழுந்து வருவதைப் பார்த்துப் பார்த்து மனம் ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

“ராத்திரி எத்தனை மணிக்குப் படுப்பே?”

“பன்னிரண்டு மணிக்கு.”

“போனை எப்போ கீழே வைப்பே?”

கொஞ்சம் யோசித்தான். “ரெண்டு, ரெண்டரை ஆகும்.”

அலாரம் ஆறரைக்கு. இளம் மருத்துவர்கள் யாராவது இதைப் படித்தால் குறித்துக்கொள்ளுங்கள்: அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்காவிட்டால் உண்மை வெளியே வராது.

அப்புறம் எல்லோரும் சொல்லும் அதே பதிலைச் சொன்னான்: “சனி, ஞாயிறு மதியம் வரைக்கும் தூங்கி ஈடுகட்டிடுவேன் டாக்டர்.”

இல்லை, ஈடாகாது. எத்தனை தடவை சொன்னாலும் இது மட்டும் மண்டையில் ஏறுவதில்லை. வார நாட்களில் ஆறரைக்கு எழுகிறாய். சனிக்கிழமை பன்னிரண்டுக்கு எழுகிறாய். உன் உடம்பைப் பொறுத்தவரை, வெள்ளிக்கிழமை இரவு விமானம் ஏறிச் கடிகாரம் சில மணி நேரம் பின்னால் ஓடும் ஒரு நாட்டுக்குப் போய்விட்டாய். ஞாயிறு மதியம் வரை தூங்கியவனுக்கு அன்றிரவு பதினொன்றுக்கு எப்படித் தூக்கம் வரும்? புரண்டு புரண்டு படுப்பாய், போனை எடுப்பாய், மூன்று மணி ஆகிவிடும். திங்கட்கிழமை காலை அந்த நாட்டிலிருந்து திரும்பி வந்த களைப்போடு சாவியை எடுப்பாய். ஈடுகட்டுவதாக நீ நினைக்கும் அந்தத் தூக்கம்தான் வாரத்தின் மிக ஆபத்தான காலையை உனக்கு உண்டாக்குகிறது.

கல்லூரியில் இது தெரியாமலே போய்விட்டது. முதல் வகுப்பை விட்டுவிடலாம், கடைசி வரிசையில் கண்ணை மூடிக்கொள்ளலாம். வேலையில் அப்படி முடியாது.

இரண்டாவது பதில், “எனக்குப் பழகிடுச்சு.” பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நடந்து 2003-ல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. 14 நாட்கள் தினமும் ஆறு மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ தூங்கியவர்களின் கவனம், ஓரிரு இரவுகள் முழுக்க விழித்திருந்தவர்களின் அளவுக்குச் சரிந்திருந்தது. ஆனால் அவர்களைக் கேட்டபோது, லேசான தூக்கக் கலக்கம்தான் என்றார்கள். பழகிப்போவது களைப்பின் உணர்வு மட்டும்தான். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று விநாடி கண் அசந்தால் வண்டி 50 மீட்டர் ஓடியிருக்கும்.

பெற்றோர்களே, உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பையனைச் சோம்பேறி என்று திட்டாதீர்கள். ஆண்களின் உடல் கடிகாரம் வாழ்நாளிலேயே மிகவும் தாமதமாக ஓடுவது ஏறத்தாழ 21 வயதில்தான். அதற்குப் பிறகு மெல்ல மெல்ல முன்னே நகரும். ஜெர்மனியில் உடல் கடிகாரத்தை ஆராயும் டில் ரோனெபெர்க் குழுவினர் 2004-லேயே இதைக் காட்டியிருக்கிறார்கள். அந்த வயதில்தான் படிப்பும் முடிகிறது. சீக்கிரம் எழுவது அவனுக்கு உண்மையிலேயே கஷ்டம். திட்டுவதற்குப் பதில் ஜன்னல் திரையை விலக்கிவிடுங்கள், காலை வெளிச்சம் முகத்தில் படட்டும்.

சரி, என்ன செய்யலாம்? எழும் நேரத்தை முதலில் பிடித்துக்கொள். விடுமுறை நாளிலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளாதே. வாரக் களைப்பு தீரவில்லை என்றால் இரவில் சீக்கிரம் படு, மதியம் இருபது நிமிடம் தூங்கு. மாலை ஆறு மணிக்குக் குடித்த காபியில் இருக்கும் கஃபீன் இரவு பதினொன்றுக்கும் ஏறக்குறைய பாதி உடம்பில் இருக்கும், மதியத்தோடு நிறுத்து. ஏழு மணி நேரம் தூங்கியும் பகலில் சொக்குகிறதா, பலமாகக் குறட்டை விடுகிறாய் என்று அறையில் இருப்பவர்கள் சொல்கிறார்களா? மருத்துவரைப் பார். படுத்தும் தூக்கம் வராமல், எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரம் போனாலும் வந்து பார். தூக்க மாத்திரையை நீயாக வாங்கிப் போடாதே. இதைக் கெஞ்சியே கேட்கிறேன்.

வண்டி ஓட்டும்போது கடந்து வந்த வழி ஞாபகம் இல்லையென்றால், அந்த நிமிடமே ஓரமாக நிறுத்து. முகத்தில் காற்று பட்டால் தெளியும், பாட்டுக் கேட்டால் தெளியும் என்பதெல்லாம் வீண் நம்பிக்கை.

அந்தப் பையனுக்கு ஐந்து தையல். வெளியே காத்திருந்த அறை நண்பனிடம் அவன் எப்போது தூங்கினான் என்று கேட்டேன். “மூணு மணிக்கும் வெளிச்சம் இருந்தது டாக்டர்” என்றான். கூட இருப்பவர்களுக்கு எல்லாம் தெரிகிறது. தம்பிகளே, அப்படிப்பட்ட காலையில் வண்டிச் சாவியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கோபப்படுவான், பரவாயில்லை, பின்னால் உட்காரவைத்து நீங்கள் கூட்டிக்கொண்டு போங்கள்.