வெல்டிங் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள்

மறுபடியும் ஒரு ரோலர் ஷாஃப்ட், அதாவது கொழுந்து உருட்டும் இயந்திரத்தின் சுழலும் தண்டு. ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து வந்தது. தேய்ந்த இடத்தை வெல்டிங்கால் நிரப்பி, கடைந்து பூட்டியிருக்கிறார்கள். கொழுந்து குவிந்து கிடந்த நேரம் பார்த்து முறிந்துவிட்டது. முறிந்தது வெல்டிங்கில் அல்ல, அதை ஒட்டிய இடத்தில். அவசரத்துக்குத் தண்ணீர் ஊற்றித்தான் ஆறவைத்தார்களாம். வழக்கம்போலப் பழி வெல்டிங் பாஸ் மேல், அதாவது ஒட்டிக் கொடுத்த தொழிலாளி மேல்.

"தண்ணீர் பட்டால் இரும்புக்குப் பலம்தானே?" என்று கேட்கிறார்கள். இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. கவ்வாத்துக் கத்தி அடிப்பவர் தண்ணீரில் முக்குகிறார், உண்மை. ஆனால் அதோடு விடுகிறாரா? மறுபடி அளவாகச் சூடு காட்டி, அந்த விறைப்பைக் குறைத்த பிறகுதானே கத்தியைத் தருகிறார்! நீங்கள் முதல் பாதியை மட்டும் செய்கிறீர்கள். 0.45% கார்பன் உள்ள ஷாஃப்ட் மெதுவாக ஆறினால் அதற்குள் உருவாவது பெர்லைட்டும் ஃபெரைட்டும் என்கிற மென்மையான அமைப்புகள். உடைவதற்கு முன் வளையும். சட்டென்று ஆறினால் மார்ட்டென்சைட் என்கிற விறைத்த அமைப்பு. அரம் வழுக்கும், அடி தாங்காது. கடினம் வேறு, தாங்கும் பலம் வேறு. தண்ணீரே ஊற்றாவிட்டாலும், கனத்த குளிர்ந்த ஷாஃப்ட் தானே சூட்டை உறிஞ்சிவிடும்; அதுவும் சட்டென்று ஆறுவதுதான்.

வெல்டிங் ஆறுவதைக் கணினியில் மாதிரி செய்து பார்க்கிற தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. ஆறும் இரும்பு முழுவதற்கும் ஒரே பலத்தைக் கொடுத்துவிட்டு, வண்ணப்படம் காட்டாதீர்கள். எவ்வளவு மார்ட்டென்சைட் உருவாகும் என்று கணக்கிட, 1959இல் கொய்ஸ்டினன், மார்பர்கர் என்ற இரு ஆய்வாளர்கள் தந்த சமன்பாட்டைப் போட்டுப் பாருங்கள். மார்ட்டென்சைட்டாக மாறுவது சுமார் 330 பாகை செல்சியஸில் தொடங்கும் இந்த உருக்கு, பெர்லைட்டாக நேரம் கிடைக்காமல் 20 பாகைக்கு இறங்கினால், ஏறக்குறைய 97% மார்ட்டென்சைட். மாறும்போது உருக்கு விரிவதையும் சேருங்கள். அதை விட்டுவிட்டால், ஆறிய பின் உள்ளே தங்கும் தகைவு (உள் விசை) இழுவையா அமுக்கமா என்பதே தலைகீழாக வரலாம்.

சரி, பட்டறைக்கு வருவோம். வெல்டிங்குக்கு முன் ஷாஃப்டை 200 பாகை அளவுக்குச் சூடாக்குங்கள். முடிந்ததும் காய்ந்த சாம்பலில் புதைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். குறைந்த ஹைட்ரஜன் வெல்டிங் ரொட் வாங்கினால் மட்டும் போதாது. நுவரெலியாப் பனியில் திறந்து கிடந்த பெட்டி ஈரத்தைக் குடித்திருக்கும், அடுப்பில் காயவையுங்கள். அந்த ஈரத்திலிருந்து வரும் ஹைட்ரஜனால் உருக்கில் விழும் விரிசல் இரண்டு நாள் கழித்தும் வரும். ஆகவே 48 மணி நேரம் பொறுத்துச் சோதியுங்கள். துரைமாரே, அந்த நேரத்தை பாஸுக்குத் தயவுசெய்து கொடுங்கள்.

அப்புறம், முறிந்த லொறி ஸ்பிரிங் பிளேட்டை வெல்டிங்கால் ஒட்டித் தரச் சொல்லி யாரும் வராதீர்கள். அதுவும் இப்படித்தான் வெல்டிங்கை ஒட்டி முறியும். புதிது வாங்குங்கள். ரம்பொடை இறக்கத்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிற லொறி அது.