கடகடவென்று ஒப்பித்தால் படிக்கத் தெரியும் என்று அர்த்தமா?

"மேடம், பாடத்தை கடகடன்னு படிக்கிறான். ஆனா கேள்வித்தாளைக் கையில கொடுத்தா மட்டும் முழிக்கிறான்."

கடலூரில் சிறப்புக் கல்வியாளராக வேலை பார்க்கிறேன். ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிவரும் பெற்றோர் என்னிடம் அதிகம் சொல்வது இதைத்தான். மஞ்சக்குப்பத்துக்காரர்களும் சொல்கிறார்கள், தேவனாம்பட்டினத்திலிருந்து வருகிறவர்களும் சொல்கிறார்கள், எல்லை தாண்டி பாகூர் பக்கமிருந்து வருகிறவர்களும் சொல்கிறார்கள்.

பெரும்பாலும் அந்தப் பிள்ளை படிக்கவில்லை, ஒப்பிக்கிறான். வகுப்பில் எல்லோரும் சேர்ந்து சத்தமாகச் சொல்லிச் சொல்லிப் பாடம் மனப்பாடமாகிவிட்டது. வீட்டிலேயே இதைக் கண்டுபிடிக்கலாம். அவன் படிக்கும்போது முகத்தைப் பார்க்காமல் விரலைப் பாருங்கள். வாய் மூன்றாவது வரிக்குப் போயிருக்கும், விரல் இரண்டாவது வரியின் நடுவிலேயே நிற்கும். அப்புறம் அதே பாடத்தின் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு "இது என்னப்பா?" என்று கேளுங்கள். முதல் வரியிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்து அந்தச் சொல்லைப் பிடித்தானென்றால் விஷயம் புரிந்துவிடும்.

இதற்காகப் பிள்ளையைத் திட்டாதீர்கள். நல்ல ஞாபகசக்தி உள்ள பிள்ளையால்தான் இப்படிச் சமாளிக்க முடியும். மூன்றாம் வகுப்பில் பாடம் நீண்டுவிடும், அப்போது மனப்பாடம் கைகொடுக்காது. அதற்குள் நாம் முந்திக்கொள்ள வேண்டும்.

247 எழுத்தா என்று சில பெற்றோரே மலைத்துப்போகிறார்கள். 12 உயிர், 18 மெய், அவற்றோடு ஒட்டும் குறிகள். இவை பிடிபட்டால் மீதி தானாக வரும். பிள்ளைகள் தடுக்கி விழுவது அந்தக் குறிகளில்தான். துணைக்கால் அவர்கள் கண்ணுக்கு 'ர' மாதிரியே தெரியும். அதனால் 'கால்' என்பதைக் 'கரல்' என்று படிப்பார்கள். கொம்போ எழுத்துக்கு முன்னால் நிற்கும், ஆனால் அதன் ஒலி பின்னால் வரும். இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போகும் பிள்ளைக்குக் 'கொடி' என்பது 'கெரடி' ஆகிவிடும். புள்ளி கண்ணில் படாது, 'பல்' என்பது 'பல' ஆகும். இவை கவனக்குறைவால் வரும் தப்புகள் இல்லை. எந்த இடத்தில் நமது உதவி வேண்டும் என்று அந்தப் பிள்ளை காட்டுகிற இடங்கள்.

க, கா, கி, கீ என்று வரிசையாகப் பாடவைத்தால் அதுவும் இன்னொரு மனப்பாடம்தான். ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு குறியை எடுத்துக்கொள்ளுங்கள். துணைக்கால் என்றால் கல் - கால், பல் - பால், படம் - பாடம் என்று ஜோடி ஜோடியாகச் சிலேட்டில் எழுதுங்கள். காலை அழித்துவிட்டுப் படிக்கச் சொல்லுங்கள், மறுபடி போட்டுப் படிக்கச் சொல்லுங்கள். ஒரு கோடு சேர்ந்தால் ஒலியும் பொருளும் மாறிவிடுகிறது என்பது அவன் கையாலேயே அவனுக்குப் புரியும். உகர, ஊகார வரிசைகளைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். கு, சு, து, மு என்று அங்கே எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரிக் குறி கிடையாது, அதனால் நாள் பிடிக்கும்.

எழுத்துக்கு முன்னால் காது தயாராக வேண்டும். இதற்குப் புத்தகமே வேண்டாம். புதுச்சேரிக்குப் பஸ்ஸில் போகும்போது விளையாடலாம். "படகுல முதல்ல என்ன சத்தம் வருது?" "மரம்ல 'ம'வை எடுத்துட்டு 'க' போட்டா என்ன ஆகும்?" ஊர்ப் பெயரைக் கை தட்டிப் பிரித்துச் சொல்லவையுங்கள். நாலு வயதுப் பிள்ளைக்கு இதுவே போதும். அந்த வயதில் நோட்டு நிறைய எழுதவைப்பதை நான் ஒத்துக்கொள்வதே இல்லை.

இன்னொரு விஷயம், நாம் பேசுகிற தமிழும் புத்தகத் தமிழும் வேறு வேறு. வீட்டில் 'வந்துட்டான்' என்று கேட்டே வளர்ந்த பிள்ளைக்கு, புத்தகத்தில் 'வந்துவிட்டான்' என்பது கேட்டே பழகாத சொல். நம்மூரில் 'திருப்பாப்புலியூர்' என்கிறோம், பெயர்ப்பலகையில் 'திருப்பாதிரிப்புலியூர்' என்று இருக்கிறது. 'வாளப்பளம்' என்று கேட்ட பிள்ளை அப்படியேதான் எழுதுவான், அதற்குக் குறைபாடு என்று பெயர் வைக்கக் கூடாது. இந்த இடைவெளியை அடைக்க ஒரே வழி, தினமும் பத்து நிமிஷம் நீங்கள் அவனுக்குக் கதை வாசித்துக் காட்டுவது. எழுத்தில் உள்ளபடியே வாசியுங்கள், பிறகு உங்கள் பேச்சில் அதைப் பற்றிப் பேசுங்கள். "அந்த ஆடு ஏன் ஓடிச்சு? நீயா இருந்தா என்ன செஞ்சிருப்ப?" என்று கேளுங்கள். அதே கதையை நாலு நாள் கேட்டாலும் சலிக்காமல் வாசியுங்கள்.

அவன் வாசிக்கும்போது தடுக்கினால் கொஞ்சம் பொறுங்கள். வரவில்லையா, சொல்லைச் சொல்லிவிட்டு மேலே போங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் "தப்பு, தப்பு" என்றால் அடுத்த நாள் புத்தகத்தைத் தொடமாட்டான். ஒரே பக்கத்தில் ஐந்தாறு இடங்களில் நின்றால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம், எளியதாக ஒன்று எடுங்கள். பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் படிநிலை வாரியாக இலவசமாகக் கிடைக்கின்றன. புதுச்சேரியில் இருப்பவர்கள் ரோமன் ரோலண்ட் நூலகத்துக்கு ஒருமுறை கூட்டிப்போங்கள், 1827-இல் தொடங்கிய பழைய நூலகம் அது.

"இங்கிலீஷ் மீடியம் மேடம், தமிழ்ப் புத்தகம் எதுக்கு?" என்பார்கள். காதுக்குப் பழகிய மொழியில் வாசிக்க வந்துவிட்டால், அந்தத் திறமை அடுத்த மொழிக்கும் உதவும்.

"எனக்கே படிக்கத் தெரியாதும்மா" என்று தலைகுனிந்து சொல்லும் அம்மாக்கள் உண்டு. நீங்கள் படம் பார்த்துக் கதை சொல்லுங்கள். கடலுக்குப் போன கதை, சந்தைக்குப் போன கதை எதுவானாலும் சரி. பிள்ளையை உங்களுக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். வீட்டில் நிறையப் பேச்சு கேட்ட பிள்ளைக்குச் சொல்வளம் இருக்கும், படிப்பது புரியும்.

இவ்வளவும் செய்து, இரண்டாம் வகுப்பு முடியும்போதும் சின்னச் சின்னச் சொற்களில் திணறினால் காத்திருக்காதீர்கள். 'சோம்பேறி' என்று முடிவு கட்டுவதற்கு முன் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். அடிக்கடி சளி பிடித்துக் காதில் சீழ் வடிகிற பிள்ளைக்கு ஒலிகள் தெளிவாக விழுந்திருக்காது. அரசுப் பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வரும் பள்ளிச் சிறார் நலத்திட்ட மருத்துவக் குழுவிடமும் கேட்கலாம். கற்றல் குறைபாட்டை 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரித்திருக்கிறது. எட்டு வயது வாக்கில்தான் அதை உறுதியாகச் சொல்ல முடியும், ஆனால் உதவியைத் தொடங்க அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. என்னைப் போன்றவர்களிடம் வரும்போது பிள்ளையின் பழைய நோட்டுகளைக் கொண்டுவாருங்கள். கிறுக்கலும் அடித்தலும் இருக்கும் பக்கங்களைக் கிழித்துவிடாதீர்கள், நாங்கள் முதலில் பார்ப்பது அவற்றைத்தான்.