ஜாமீன் கையெழுத்துக்கு என்ன செலவு?

இன்னொருவர் கடனுக்கு ஜாமீன் போட்டவருக்குத் தெரியும், அன்றைக்குக் கையிலிருந்து ஒரு காசும் போகாது. அதற்காகச் செலவே இல்லை என்று சொல்லிவிட முடியுமா? அமெரிக்க அரசின் எஃப்.ஹெச்.ஏ. என்ற வீட்டுவசதி நிர்வாகம் 1934 முதல் இந்தக் கையெழுத்தைத்தான் போட்டு வருகிறது.

அதற்கு முன்பு அங்கே வீடு வாங்க, பெரும்பாலும் விலையில் பாதியைக் கையில் வைத்திருக்க வேண்டும். மீதியையும் சில ஆண்டுகளிலேயே அடைக்க வேண்டும். பெருமந்தத்தில் வேலை போனதும் வீடுகள் ஏலத்துக்குப் போயின. வங்கிகள் பயந்து கடனை நிறுத்தின. அந்தப் பயத்தைப் போக்க வந்ததுதான் எஃப்.ஹெச்.ஏ.

இது கடன் கொடுப்பதில்லை. கொடுப்பது வங்கி. தவணை நின்றுபோனால் வங்கியின் இழப்பை இது ஈடுகட்டும். பிரீமியம் கட்டுவது வீடு வாங்குபவர், பாதுகாப்போ வங்கிக்கு. பலர் குழம்புவது இங்கேதான். தவணை தவறினால் அவருடைய வீடு போனது போனதுதான். அவருக்கு லாபம், 3.5 சதவீத முன்பணத்திலேயே கடன் கிடைப்பது.

ஆனால் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. தொடக்க கால விதிகள் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளை ஆபத்தானவை என்று ஒதுக்கின. ஒரு தலைமுறையே சொத்து சேர்க்கும் வழியை இழந்தது. அரசே செய்த அநியாயம் இது.

சரி, பணக் கணக்குக்கு வருவோம். 2 லட்சம் டாலர் கடனுக்குத் தொடக்கத்தில் கட்டும் பிரீமியம் 1.75 சதவீதம், அதாவது 3,500 டாலர். அப்புறம் ஆண்டுதோறும், பெரும்பாலான கடன்களுக்கு 0.55 சதவீதம். இவை ஒரு நிதியில் சேரும், வங்கிகளுக்கான இழப்பீடும் அதிலிருந்தே போகும். ஊழியர் சம்பளத்துக்குத்தான் நாடாளுமன்றம் தனியாக ஒதுக்குகிறது. 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒரு கடன் முடியும்வரை வரக்கூடிய பிரீமியத்தையும் போகக்கூடிய இழப்பீட்டையும் இன்றைய மதிப்பில் கணித்து, ஜாமீன் தரும் ஆண்டிலேயே பட்ஜெட்டில் எழுத வேண்டும். வரவு கூடுதலாகத் தெரிந்தால், அரசுக்கு லாபம் என்றே பதிவாகும்.

அந்தக் கணிப்பு பொய்த்தும் போகும். வீட்டு விலைகள் சரிந்த பிறகு, 2013 செப்டம்பரில் எஃப்.ஹெச்.ஏ. அரசுக் கருவூலத்திலிருந்து 170 கோடி டாலர் எடுத்தது. 79 ஆண்டுகளில் அதுதான் முதல் முறை. சட்டம் நிரந்தர அனுமதி தந்திருப்பதால் வாக்கெடுப்பும் தேவைப்படவில்லை. அதே ஆண்டு ஜூனிலிருந்து ஒரு விதி மாறியிருந்தது. அதுவரை, கடன் ஓரளவு அடைந்ததும் ஆண்டுப் பிரீமியம் நின்றுவிடும். புதிய விதிப்படி, 10 சதவீதத்துக்கும் குறைவாக முன்பணம் கட்டிக் கடன் வாங்குபவர்கள், கடன் முடியும்வரை அதைக் கட்ட வேண்டும்.