பஸ்ஸின் பின்சக்கரம் போகும் வழி

கோத்தகிரி வாசகி ஒருவர் கேட்கிறார்: “ஸ்கூட்டரில் போகும்போது கவனிக்கிறேன், கொண்டை ஊசி வளைவு வந்தாலே பஸ் டிரைவர்கள் ரோடு முழுவதையும் பிடித்துக்கொள்கிறார்கள். திமிர்தானே?”

திமிர் கொஞ்சம் இருக்கலாம். பெரும்பகுதி பிதாகரஸ்.

ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன்சக்கரங்கள்தான் திரும்பும். பின்சக்கரங்கள் நேராக மட்டுமே உருளும். முன்பகுதி இழுக்கிற பக்கம் போவதால், முன்சக்கரம் போன தடத்தை விட்டு வளைவின் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு போகும். கயிறு கட்டி இழுக்கும் பொம்மை வண்டி சுவர் முனையில் வந்து இடிப்பது இதனால்தான். எவ்வளவு உள்ளே வெட்டும்? இந்தக் கணக்குதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. வளைவில் திரும்பும் பஸ்ஸின் பின் அச்சைக் கோடாக நீட்டினால், அது வளைவின் மையத்தில் போய் முடியும். மையம், பின் அச்சின் நடு, முன் அச்சின் நடு: மூன்றையும் இணைத்தால் செங்கோண முக்கோணம். செங்கோணம் பின் அச்சில். முன் அச்சு 11 மீட்டர் ஆரத்தில் போகிறது, இரண்டு அச்சுக்கும் இடையே 6 மீட்டர் என்று வையுங்கள். 121-இல் 36 போனால் 85. அதன் வர்க்கமூலம் சுமார் 9.2. அதாவது பின் அச்சு 1.8 மீட்டர் உள்ளே தள்ளிப் போகிறது. அதே ஆரத்தில் 2.5 மீட்டர் இடைவெளியுள்ள கார் போனால் வித்தியாசம் 30 சென்டிமீட்டர்கூட வராது. நீளம் இரண்டரை மடங்குகூட இல்லை, வெட்டு ஆறு மடங்கு! கணக்கில் வர்க்கம் உட்கார்ந்திருப்பதால் வந்த வினை.

இப்போது குன்னூர் சாலையின் 14 வளைவுகளுக்கோ, கல்லட்டியின் 36 வளைவுகளுக்கோ வாருங்கள். இடப்பக்கம் திரும்பும் பஸ் உள்வட்டத்தில் இருக்கிறது. பின்சக்கரம் ஓரப் பள்ளத்தில் இறங்காமலிருக்க, டிரைவர் முதலில் வலப்பக்கம் ஒதுங்கி, அப்புறம்தான் இடது ஒடிப்பார். அந்த நேரத்தில் இடப்பக்கம் ஒரு இடைவெளி தெரியும். ‘வழி விடுகிறார்’ என்று அதில் ஸ்கூட்டரை நுழைப்பதுதான் ஆபத்து. சில நொடிகளில் அது மூடிவிடும். வலப்பக்கம் திரும்பும் பஸ் வேறு மாதிரி: முன்பகுதி தாராளமாக இடம் விட்டுப் போகும், பின்சக்கரமோ எதிரே வருபவரின் உள்வட்டத்துக்குள் வரும். ஆகவே எதிரே பஸ்ஸைப் பார்த்தால் வளைவுக்குள் நுழையாமல், முன்னாலுள்ள நேர்ப்பகுதியிலேயே இடது ஓரம் ஒதுங்கி நில்லுங்கள். ஏறுவது பஸ்ஸாக இருந்து, இரண்டு வண்டிக்கு இடமில்லை என்றால், முன்னுரிமையும் அதற்குத்தான்; இது சட்டத்திலேயே இருக்கிறது. பாரத்தோடு ஏற்றத்தில் நின்றுவிட்டு மறுபடி கிளம்புவது எவ்வளவு சிரமம் என்று கிளட்சைக் கேட்டால் சொல்லும்.

சில வளைவுகளைக் ‘காவு வாங்கும் வளைவு’ என்று சொல்லி எலுமிச்சை நசுக்குகிறார்கள். நம்பிக்கை அவரவர் விருப்பம். ஆனால் அந்த அக்கறையில் பாதியை அங்கே ஒரு குவி ஆடி வைக்கச் சொல்லி மனு எழுதுவதில் காட்டலாம். அதில் வண்டிகள் சிறியதாக, தள்ளி இருப்பதுபோலத் தெரியும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

பஸ்ஸுக்குப் பின்னால் போகிறீர்களா? ஒளி வந்த வழியே திரும்பியும் போகும். பக்கக் கண்ணாடியில் டிரைவரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லையென்றால், அந்தக் கண்ணாடியில் நீங்களும் அவருக்குத் தெரியவில்லை. வளைவில் இது இன்னும் மோசம்: பஸ் திரும்பத் திரும்ப, கண்ணாடி காட்டும் திசையும் சேர்ந்து திரும்பிவிடும். முகம் தெரியும் வரை பின்வாங்குங்கள். முந்துவதை அடுத்த நேர்ச்சாலையில் வைத்துக்கொள்ளலாம்.