குளியலறை டைல்ஸை நீங்களே உடைக்கும் முன்

சிங்கப்பூரின் அங் மோ கியோ வட்டாரத்தில் ஒரு மூவறை வீடு. எழுபதுகளின் கடைசியில் கட்டிய புளோக். கூப்பிட்டவர் நம் ஆள்தான். "அண்ணே, டைல்ஸ் மட்டும்தான் நானே எடுத்தேன். சனி, ஞாயிறு சும்மாதானே இருக்கோம்னு ஆரம்பிச்சேன். இப்ப கீழ்வீட்டு ஆன்ட்டி வந்து கதவைத் தட்டுறாங்க" என்றார். இறங்கிப் போய்ப் பார்த்தேன். அந்த அம்மா வீட்டுக் கழிவறைக் கூரையில், குழாய் இறங்கும் இடத்தைச் சுற்றிச் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஈரம். கீழே ஒரு மைலோ டின். அவர் சத்தம் போடவில்லை. டின் நிறைந்ததும் ஊற்றிவிட்டு மறுபடி அதே இடத்தில் வைத்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

வீடு புதுப்பிக்கும் வேலையில் 16 வருடமாக மேற்பார்வையாளராக இருக்கிறேன். எல்லாவற்றுக்கும் ஆள் வையுங்கள் என்று சொல்லிப் பிழைப்பதற்காக இதை எழுதவில்லை. பழைய வீட்டில் நீங்களே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. டைல்ஸுக்குக் கீழே இருப்பதை மட்டும் தொடாதீர்கள்.

பலர் நினைப்பதுபோல் டைல்ஸ் தண்ணீரைத் தடுப்பதில்லை. இடையில் பூசும் கிரௌட்டும் தடுப்பதில்லை. சிமெண்ட் பூச்சுக்கு அடியில் ரப்பர் தோல்போல ஒரு மெம்பரேன் இருக்கிறது, அதுதான் தடுக்கிறது. நாற்பது வருடத்தில் அது காய்ந்து வெடவெடவென்று ஆகியிருக்கும். மேலே உளி இறங்கினால் அதுவும் சேர்ந்து பெயர்ந்துவிடும். இவர் வீட்டில் பிய்ந்தது, தரைத் தண்ணீர் வடியும் துளையான புளோர் டிராப்பின் கழுத்தில். நான் பார்த்த கசிவுகளில் பெரும்பாலானவை அங்கேதான் தொடங்கியிருக்கின்றன.

முறையாகச் செய்வதென்றால் பழையதை முழுக்க எடுத்து, தளத்தைத் தூசி இல்லாமல் துடைத்து, மூலைகளில் வலை வைத்துப் பூச வேண்டும். முதல் பூச்சு ஒரு திசையில், அது காய்ந்த பிறகு இரண்டாவது குறுக்கே. சுவரில் குறைந்தது 150 மி.மீ. ஏற வேண்டும், ஷவர் பக்கம் இன்னும் உயரமாக. அப்புறம் டிராப்பை அடைத்துத் தண்ணீர் கட்டி, மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறித்து, 24 மணி நேரம் விட வேண்டும். மறுநாள் கோட்டையும் பார்க்க வேண்டும், கீழ்வீட்டுக் கூரையையும் பார்க்க வேண்டும். அவசரக்காரர்கள் விழுங்குவது அந்த ஒரு நாளைத்தான்.

வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டில் குளியலறை டைல்ஸை மாற்ற அனுமதி வேண்டும். கழகத்தின் பட்டியலில் உள்ள கான்ட்ராக்டர்தான் அதைச் செய்யலாம். டைல்ஸ் உடைப்பது போன்ற இரைச்சல் வேலை வார நாட்களில் காலை 9 முதல் மாலை 5 வரை மட்டும். நம் ஆள் சனி, ஞாயிற்றில் உடைத்தார் என்பதால் மேல்வீட்டிலிருந்தும் புகார்.

உடைக்காமல் மேலேயே ஒட்டிவிடலாமே என்பீர்கள். ஒட்டலாம். ஆனால் தரைப்பூச்சு, சிமெண்டையும் சேர்த்து 50 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. பழைய வீட்டில் முன்பு இருந்தவர் ஏற்கெனவே ஓர் அடுக்கு ஒட்டியிருப்பார். கதவு நிலையின் அடியில் டார்ச் அடித்தால் அடுக்குகளை எண்ணிவிடலாம்.

சரி, நீங்கள் எதில் இறங்கலாம்? கறுத்துப்போன சிலிக்கோனை மாற்றுவதில் தாராளமாக இறங்கலாம். பழையதன் மேலேயே புதியதைப் பூசுகிறார்கள், இரண்டே மாதத்தில் பூஞ்சை வெளியே வந்துவிடும். பிளேடு வைத்துப் பழையதை முழுக்கச் சுரண்டி, துடைத்து, ஒரு ராத்திரி காய விடுங்கள். இரு பக்கமும் டேப் ஒட்டி, ஒரே இழுப்பில் பூசி, ஈரம் இருக்கும்போதே டேப்பை உரியுங்கள். குழாய்த் தலையை மாற்றுவதும் உங்களால் முடியும். புதிய குழாய் இழுப்பதையும் சுடுநீர்க் கலன் வைப்பதையும் உரிமம் பெற்ற பிளம்பரிடம் விடுங்கள்.

பொருள் வைக்க இடம் வேண்டுமென்று, மேல்வீட்டிலிருந்து இறங்கும் கழிவுநீர்க் குழாயைப் பலகை அடித்து மூடி அலமாரி ஆக்குவார்கள். மூடலாம், ஆனால் கழற்றக்கூடிய கதவு வையுங்கள். ஆணியடித்து நிரந்தரமாக மூடினால், கசிவு பார்க்க வரும் நாளில் உங்கள் அலமாரிதான் முதலில் உடையும். கைகழுவும் தொட்டிக்கு அடியில் மரத்தூள் பலகை ஊதிப்போகும், அலுமினியமே உத்தமம். வயதான பெற்றோருக்குக் கைப்பிடி மாட்ட நீங்களே துளை போடப் பார்க்கிறீர்களா? 65 வயது ஆனவர்கள் உள்ள வீடுகளுக்கு 'ஈஸ்' திட்டத்தில் கைப்பிடியும் வழுக்காத தரைப் பூச்சும் உண்டு. குடிமக்களுக்கு அரசாங்கம் 95 விழுக்காடு வரை தருகிறது. மிச்சம் சொற்பம்தான்.

கூடத்துத் தரையில் கோர்த்துப் போடும் வினைல் பலகை நீங்களே போட ஏற்றது. முதலில் 50 காசு நாணயத்தால் பழைய டைல்ஸைத் தட்டுங்கள். 'டொக் டொக்' என்று வெற்றொலி வந்தால் அதைச் சரிசெய்யாமல் மேலே எதையும் போடாதீர்கள். சுவரோரம் இடைவெளி விட மறந்தால் பலகை நடுவில் முதுகு தூக்கும். தரை உயர்ந்து முன்வாசல் கதவு உரசினால் இழைப்புளியை எடுத்துவிடாதீர்கள், அது தீத்தடுப்புக் கதவாக இருக்கலாம். இன்னொன்று: 1991-க்கு முன் கட்டிய கட்டடங்களில் பழைய வினைல் சதுரங்களில் கல்நார் இருக்கக்கூடும். அஸ்பெஸ்டாஸ் என்கிறோமே, அதுதான். பெயர்க்கவோ அரைக்கவோ வேண்டாம், அதன் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

அங் மோ கியோ வீட்டுக்கு முறைப்படி அனுமதி வாங்கி, மெம்பரேனைப் புதிதாகப் போட்டோம். தண்ணீர் கட்டிய மறுநாள் டார்ச்சோடு கீழே போனவர் நம் ஆள்தான். சொட்டு நின்றிருந்தது. கூரை காய மூன்று வாரம் ஆனது. அதன் பிறகு கீழ்வீட்டுக் கழிவறைக் கூரைக்கு அவரே சாயம் அடித்துக் கொடுத்தார். அதற்கு யார் அனுமதியும் தேவைப்படவில்லை, அந்த அம்மாவுடையதைத் தவிர.