முந்திரி ஆகாத பிள்ளைக்கு ஸ்புமோனி வாங்கித் தராதீர்கள்

நியூ ஜெர்சியில் ஒவ்வாமை மருத்துவம் பார்க்கிறேன். பழைய பாணி இத்தாலிய-அமெரிக்க உணவகத்தில் பிறந்தநாள் கொண்டாடப் போய், பாதி இரவை அவசர சிகிச்சைப் பிரிவில் கழித்துவிட்டு என்னிடம் வரும் நம் குடும்பங்கள் ஒன்றிரண்டல்ல. இந்த மாதமும் ஒன்று. பிள்ளைக்கு முந்திரி ஆகாது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், பாயசத்தில்கூடப் போடுவதில்லை. “இத்தாலிச் சாப்பாட்டில் முந்திரி ஏது டாக்டர்?” என்று நம்பிப் போயிருக்கிறார்கள். கடைசியில் வந்தது ஸ்புமோனி என்ற இத்தாலிய அடுக்கு ஐஸ்கிரீம். செர்ரி, சாக்லேட், நடுவில் பச்சையாக ஓர் அடுக்கு. அந்தப் பச்சை, பிஸ்தா.

முந்திரியும் பிஸ்தாவும் ஒரே தாவரக் குடும்பம். முந்திரி ஆகாதவர்களில் பெரும்பாலோருக்கு பிஸ்தாவும் ஆகாது. இதை எத்தனை தடவை சொன்னாலும் “அது வேற, இது வேற” என்கிறார்கள். “பிஸ்தாவால் இதுவரை ஒன்றும் ஆனதில்லையே” என்பவர்களிடம், பிள்ளை அதை எப்போது சாப்பிட்டான் என்று கேட்டால், சாப்பிட்டதே இல்லை என்று பதில் வரும். சாப்பிடாத பொருள் எப்படி ஒத்துக்கொண்டதாகும்? “போன தடவை உதடு மட்டும்தான் வீங்கியது” என்பது இன்னொரு சமாதானம். போன தடவை லேசாக வந்தது அடுத்த தடவையும் லேசாகவே வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. “மேலே தூவிய பிஸ்தாவை வழித்துவிட்டுத்தான் கொடுத்தோம்” என்பதைக் கேட்டால் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. பொடி க்ரீமில் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும்.

மாமரமும் இதே குடும்பம்தான். அதற்காக மாம்பழத்தை நிறுத்திவிடாதீர்கள். சாப்பிட்டு ஒன்றும் ஆகாத பிள்ளை தாராளமாகச் சாப்பிடட்டும்.

இந்த உணவகங்களில் சிவப்புத் தக்காளி சாஸ் பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. ஆபத்து ஓரங்களில் இருக்கிறது. மோர்ட்டடெல்லா இறைச்சித் துண்டில் பல சமயம் முழு பிஸ்தாவே பதிந்திருக்கும். பெஸ்டோ என்ற பச்சை சாஸுக்குப் பைன் கொட்டைதான் வழக்கம். விலை கருதிச் சில சமையலறைகளில் முந்திரியோ வால்நட்டோ அரைக்கிறார்கள். க்ரீம் அடைத்த குழல் இனிப்பான கன்னோலியின் இரு முனைகளையும் பிஸ்தாத் தூளில் தோய்ப்பதுண்டு. மூவண்ண அடுக்குக் குக்கீ பாதாம் விழுதில் செய்வது. நடுவில் பெரிய தட்டை வைத்து எல்லோரும் எடுத்துச் சாப்பிடும் பரிமாறலில், ஒரே கரண்டி எல்லாத் தட்டுக்கும் போய் வருகிறது. பிள்ளைக்கு முதலிலேயே தனித் தட்டில் எடுத்து வைத்துவிடுங்கள்.

மெனுவில் போடவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமில்லை. ஒவ்வாமைப் பொருளை அறிவிக்கச் சொல்லும் 2004 ஆம் ஆண்டுக் கூட்டரசுச் சட்டம் பாக்கெட் உணவுக்குத்தான்; உணவக மெனுவை அது கட்டுப்படுத்தாது. ஆகவே வாயைத் திறந்து கேளுங்கள். “கொட்டை அலர்ஜி” என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாமல், முந்திரி, பிஸ்தா என்று பெயர் சொல்லி, சமையலறையில் விசாரித்து வரச் சொல்லுங்கள். இனிப்பு வரும்போது மறுபடியும் கேளுங்கள். பிறந்தநாள் என்று அன்பாக இலவசமாகக் கொண்டுவந்து வைக்கும் தட்டைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு வாய் உள்ளே போய்விட்டால்? உடம்பெல்லாம் தடிப்போடு வாந்தி, மூச்சிரைப்பு, குரல் கம்மல், மயக்கம் என்று எது சேர்ந்தாலும் உடனே எபிநெஃப்ரின் ஊசி, அதாவது கடும் ஒவ்வாமைக்கென்று நாங்கள் எழுதித் தரும் அவசர ஊசி. மூச்சுத் திணறலோ மயக்கமோ வந்தால் தடிப்புக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். அலர்ஜி சிரப் அரிப்பை அடக்கும்; தொண்டை வீக்கத்தையும் இறங்கும் ரத்த அழுத்தத்தையும் அது தடுக்காது. சிரப் கொடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்த நிமிடங்கள்தான் இந்தப் பிள்ளைகளைத் தீவிர சிகிச்சை வரை கொண்டுபோகின்றன. ஊசி போட்டுவிட்டு 911 அழையுங்கள். பிள்ளையைப் படுக்க வையுங்கள்; மூச்சு வாங்கினால் உட்காரட்டும், எழுந்து நடக்க விடாதீர்கள். 5 முதல் 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் இரண்டாவது ஊசி. அதனால்தான் இரண்டாகத் தருகிறோம். அவற்றில் ஒன்றைக் காரிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். வெயிலிலும் பனியிலும் மருந்து கெடும்.

ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டிக்கும் கற்றுக்கொடுங்கள், தயவுசெய்து. ஊசி இல்லாத பயிற்சிக் கருவி இருக்கிறது. உங்களிடம் இருப்பது எபிபென் வகை ஊசி என்றால், நீல முனை வானத்துக்கு, ஆரஞ்சு முனை தொடைக்கு. நீல மூடியை உருவி, தொடையின் வெளிப்பக்கத்தில், கால்சட்டை மேலேயே அழுத்தி, 3 விநாடி பிடிக்க வேண்டும். அடுத்த முறை என்னிடம் வரும்போது அவர்களையும் கூட்டி வாருங்கள், நானே செய்து காட்டுகிறேன்.