புரொப்பல்லரைப் பிடிச்சு வச்சிருக்கறது நட்டு இல்லீங்க

எவர்சில்வர் டம்ளர் ஒண்ணுக்குள்ள அதே சைஸ்ல இன்னொண்ணை அழுத்தி வச்சுட்டு அப்புறம் பிரிக்க முடியாம தவிச்சிருப்பீங்கல்ல, விசைப்படகு புரொப்பல்லர் சாஃப்ட்ல, அதாவது இன்ஜின்லேர்ந்து வந்து அதைச் சுத்துற தண்டுல, நிக்கிறதும் அதே சங்கதிதான். சாஃப்டோட பின்முனை கூம்பா குறைஞ்சுட்டே போகும், 16 அங்குல நீளத்துக்கு விட்டம் 1 அங்குலம் குறையுற கணக்கு, மெட்ரிக் சாஃப்டா இருந்தா பெரும்பாலும் 10க்கு 1, புரொப்பல்லர் நடு ஓட்டையையும் அதே சரிவுலதான் கடைஞ்சிருப்பாங்க. சரிவு இவ்ளோ கம்மிங்கறதால நட்டு 1 கிலோ விசையில தள்ளுனா ரெண்டு உலோகமும் ஒண்ணையொண்ணு கிட்டத்தட்ட 5 கிலோவுக்கு நெருக்கும், அந்த நெருக்கத்துல வர்ற உராய்வுதான் இன்ஜினோட முறுக்கு விசையை புரொப்பல்லர் வரைக்கும் கொண்டுபோகுது. சாஃப்ட்லயும் புரொப்பல்லர்லயும் வெட்டின பள்ளத்துல உக்கார்ற கீங்கற சின்ன உலோகக் கட்டை ஒரு காவலுக்குத்தான்.

முன்னால ஓடுறப்ப தண்ணியோட தள்ளு புரொப்பல்லரை டேப்பர் மேல, அதாவது அந்தக் கூம்பு மேல, இன்னும் ஏத்திவிடும், ரிவர்ஸ் போட்டா பின்னால இழுக்கும், நட்டோட நிஜமான சோதனை அப்பதான்.

கிழக்குக் கரையில ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்துல படகைக் கரையேத்தி சாஃப்ட் வேலை பாக்குறவங்க தயவுசெஞ்சு ஒரு விஷயத்தை மட்டும் விட்றாதீங்க. முதல்ல கீ போடாம புரொப்பல்லரை வெறுமனே டேப்பர்ல நல்லா ஏத்தி, அது முன்பக்கம் எங்க வந்து நிக்குதோ அங்க சாஃப்ட்ல ஒரு கோடு போட்டுக்கோங்க, அப்புறம் கழட்டி கீ போட்டு மாட்டி இறுக்குனா அதே கோட்டுக்கு வந்தே ஆகணும். வரலைன்னா கீ உயரம் அதிகம், இல்ல கீ முன்னால நகர்ந்து பள்ளத்தோட முனைச் சரிவுல ஏறிக்கிச்சு, புரொப்பல்லர் டேப்பர்ல உக்காராம கீ மேல உக்காந்திருக்குன்னு அர்த்தம். இது ரொம்ப மோசமான ஏமாத்து, ஏன்னா நட்டு கல்லு மாதிரி இறுகும், ஸ்பேனர் புடிச்ச கைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. கீயோட ரெண்டு பக்கமும் கச்சிதமா இருக்கணும், தலைக்கு மேல மட்டும் கொஞ்சம் இடைவெளி வேணும்.

டேப்பர் முழுக்க ஒட்டுதான்னு பாக்க மார்க்கிங் புளூங்கற நீலச் சாயத்தை மெல்லிசா தடவி மாட்டிக் கழட்டிப் பாருங்க, அங்கங்க திட்டுத்திட்டா ஒட்டியிருந்தா வால்வு கிரைண்டிங் பேஸ்ட் போட்டு, கீ இல்லாம, கையால சுத்தித் தேய்க்கணும், முடிஞ்சதும் பேஸ்ட்டை ஒரு துளி விடாம துடைச்சுடணும். டேப்பர்ல கிரீஸை அப்பி வைக்காதீங்க, லேசா எண்ணெய் போதும்.

ரெண்டு நட்டுல மெல்லிசு உள்ள, தடிச்சது வெளியில. பாக்க தலைகீழா தோணும், ஆனா வெளி நட்டை இறுக்கும்போது உள் நட்டோட மரையிலேர்ந்து பாரம் விலகி வெளி நட்டோட மரைக்குப் போயிடுது, அதனால நிறைய மரை இருக்குற நட்டு அங்கதான் வேணும். கடைசியா நட்டு கழண்டு போகாம இருக்க, சாஃப்ட் ஓட்டையில காட்டர் பின் போட்டு முனையை மடக்கிவிடுங்க.

கழட்டுறப்ப புல்லர்ங்கற இழுக்குற கருவி போட்டு இழுங்க, றெக்கையில சுத்தியலால அடிக்காதீங்க, நட்டை முழுசா எடுக்காம நாலஞ்சு மரையில விட்டு வைங்க, டேப்பர் விடுபடுறப்ப பட்டுன்னு பாயும், எதிர்ல நிக்குற ஆள் மேல வந்து விழும். கழட்டின டேப்பர்ல பழுப்பா பொடி படிஞ்சிருந்தா புரொப்பல்லர் இவ்ளோ நாளும் மயிரிழை அளவுக்கு ஆடிட்டேதான் ஓடியிருக்கு, அப்படியே திருப்பி மாட்டிடாம கீ பள்ளத்தோட மூலையில விரிசல் விட்டிருக்கான்னு பாத்துட்டு மாட்டுங்க.